சத்தியம் செய்ய மறுத்த வீடு

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் சத்தியம் மிக மலிவாகக் கிடைத்தது. மதினி தாலியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்வாள். நான் படித்த படிப்பின் மேல் செய்வேன். அடுத்த கோலியில், அதாவது பக்கத்து அறையில், தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிற பாய், கூரையைப் பார்த்துக் கையைத் தூக்கி அல்லாவின் மேல் ஆணையிடுவார். மூன்று பேரும் ஒரே விஷயத்துக்காகத்தான் சத்தியம் செய்தோம். அண்ணனுடைய இட்லி மாவில் பல்லி விழவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் இட்லி விற்கிறவன். தாராவியில் எங்கள் ஒற்றை அறைக்குள் மத்தியானம் மாவாட்டி, விடியுமுன் அவித்து, அலுமினியப் பெட்டியில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக் கிங்ஸ் சர்க்கிளுக்குக் கொண்டுபோவான். அங்கே ஒரு மரத்தடி நடைபாதைதான் அவனுடைய ஜாகா. பம்பாயில் நடைபாதை வியாபாரிக்கு ஜாகா என்றால் நிலபுலன் மாதிரி. அதற்குப் பட்டா கிடையாது. தினமும் போய் நிற்பதுதான் பட்டா. மாதுங்காவின் ஆபீஸ்காரர்களும், செம்பூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களும் அவனைச் சுற்றி நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். எஸ்.எஸ்.சி. தேறி, டைப்பிங் படித்து, கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் உட்கார்ந்தேன் என்றால் அது அந்த மரத்தடியின் புண்ணியம்.

வினை ஆரம்பித்ததும் அதே மரத்தடியில்தான். செம்பூரிலிருந்து வரும் வாடிக்கைக்காரர் ஒருவர், தின்றுகொண்டிருக்கும்போதே ஓரமாகப் போய் வாந்தியெடுத்தார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர், "பல்லி கில்லி விழுந்திருக்குமோ?" என்று சும்மா கேட்டுவைத்தார். வாந்தியெடுத்தவர் மறுநாளே வந்தார். வழக்கம்போல் சாப்பிட்டார், இன்னொரு கரண்டி சட்னி கேட்டு வாங்கிக்கொண்டார், போனார். அவர் வயிறு சரியாகிவிட்டது. கலங்கியது அண்ணன்தான்.

"அந்த ஆளுதான் நல்லா இருக்காரே, பெறகு என்ன?" என்றேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

"அவரு பொழைச்சுக்கிட்டாருல. அடுத்த ஆளு?"

நான் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன்.

முதலில் மாவு அண்டாவின் மூடியைத் திறந்து திறந்து பார்த்தான். பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். பிறகு கரண்டியால் அடிவரை துழாவினான். ஒருநாள் மதினியின் பழைய சேலையைக் கிழித்து மாவை வடிகட்டினான். நாங்கள் எல்லோரும் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னாலும் தீராது.

"ஏலே, நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அடி வரைக்கும்?"

"அடி வரைக்கும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒரு பீடி இழுக்கிற நேரம் நிம்மதியாக இருப்பான். பிறகு மெல்லக் கேட்பான்: "நீ பாக்கும்போது கண்ணு சிமிட்டியிருந்தா?"

என்ன சத்தியம் செய்தாலும் கண் சிமிட்டவில்லை என்று யார் சத்தியம் செய்ய முடியும்? கடைசியில் அண்டாவைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வருவான். அரிசிக்கு ரேஷன் க்யூவில் கால் கடுக்க நின்ற வருஷங்கள் அவை. புழுங்கல் அரிசி பம்பாயில் கண்ணில் படுவதே அபூர்வம்.

"தாராவிச் சாக்கடை கொடுத்துவச்சது. தினமும் அதுக்கு இட்லி மாவு," என்பாள் மதினி.

இதில் கொடுமை, அண்ணனுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. கணக்கு வழக்கில் பிசகு இல்லை, பேச்சில் பிசகு இல்லை. "இது கிறுக்குத்தனம்னு எனக்கே தெரியுதுல. தெரிஞ்சும் கை போயி மூடியத் தொறக்குது," என்று அவனே சொல்லுவான்.

பாய் அவனை மாஹிம் தர்காவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தாயத்து கட்டிக் கொண்டுவந்தார். மதினி செம்பூர் முருகனிடம் போய் விபூதி கொண்டுவந்தாள். விபூதி நல்லபடியாக நெற்றியிலேயே இருந்தது. தாயத்துதான் வம்பு செய்தது. அதன் கயிறு கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்றும், மாவாட்டும்போது கழன்று உள்ளே விழுந்திருக்குமோ என்றும் அண்ணன் கேட்க ஆரம்பித்தான். கையில் கட்டியிருக்கிறதைக் காட்டினால், "இதுக்குள்ள இருந்த தகடு?" என்றான். பாய் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் அவன் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போவதையே நிறுத்திவிட்டான். விற்காவிட்டால் யாரும் சாக மாட்டார்களே! அவன் ஜாகாவுக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு வடை போடும் மராட்டிக்காரர் ஒருவர் உண்டு. நல்ல மனிதர். அண்ணன் நிற்கும் இடத்தில் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துவைத்து அதைக் காத்துக்கொண்டிருந்தார். நான் ஆபீஸ் போகும் வழியில் அவரைப் பார்த்தபோது சொல்லியனுப்பினார்: "தீபாவளி வரை டின்னை வைத்துச் சமாளிப்பேன். அதற்கு மேல் முடியாது. ஜூஸ் வண்டிக்காரன் தினமும் வந்து டின்னை முறைத்துப் பார்த்துவிட்டுப் போகிறான்."

தீபாவளிக்கு அப்போது மூன்று மாதத்துக்கும் குறைவு. ஜாகா போனால் அண்ணன் மறுபடி தொழிலுக்குத் திரும்ப மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தூக்கமில்லை, வயிறு பிசைகிறது என்று சொல்லி அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். வயிற்று டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு சீட்டு எழுதி வேறு கட்டடத்துக்கு அனுப்பினார். கதவுக்கு மேல் 'மனநோய்ப் பிரிவு' என்று இருந்த பலகையை நான் படித்தேன்.

"என்ன டாக்டருல இது?" என்று அண்ணன் கேட்டான்.

"நரம்பு டாக்டர்."

உள்ளே இருந்தவர் ஒரு மராட்டிப் பெண்மணி. கண்ணாடி போட்டவர். எனக்கு நாலைந்து வயதுதான் மூப்பு இருக்கும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவராம். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தையே எனக்குப் பிடித்துப்போனது: "இது பைத்தியம் இல்லை. இதற்கு ஒரு புது வழி வந்திருக்கிறது. பேசிப் பேசியும், செய்து பார்த்தும்தான் வைத்தியம். நானும் இப்போதுதான் கற்றுக்கொண்டு செய்கிறேன். உங்கள் அண்ணன் எனக்குக் கூட்டாளியாக வேலை செய்ய வேண்டும். சம்மதமா?"

அண்ணன் என்னிடம் குனிந்து, "கூட்டு வியாபாரமா?" என்றான்.

அண்ணனுக்கு இந்தி தெரியும். ஆனால் அது இட்லி விற்கிற இந்தி. சட்னி காரமா, சில்லறை இருக்கிறதா என்பதோடு முடிந்துவிடும். மனசுக்குள் நடப்பதைச் சொல்ல அதில் வார்த்தை கிடையாது. ஆகவே நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்.

"என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள்?"

"சனங்க செத்துருவாங்க. என் கையால."

"இந்த நிமிஷம், இங்கே உட்கார்ந்திருக்கும்போது, அதை எவ்வளவு நம்புகிறீர்கள்? ஒரு ரூபாய்க்குச் சொல்லுங்கள்."

அண்ணன் யோசித்தான். "இங்கன உக்காந்திருக்கும்போது ரெண்டணா. மூடியப் பாத்துட்டா பதினாறணாவும்."

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாருங்கள், பல்லி ஒன்றுதான், மாவு ஒன்றுதான். இடம் மாறினால் நம்பிக்கை மாறுகிறது. அப்படியானால் நாம் பல்லியைத் தேட வேண்டாம், அந்த நம்பிக்கையைத்தான் பார்க்க வேண்டும்."

இதை நான் அண்ணனுக்குச் சொன்னேன். டாக்டரம்மா என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு வரி சொன்னால் உங்கள் தம்பி ஐந்து வரி சொல்கிறாரே. மற்ற நாலு வரியில் என்ன இருக்கிறது?" என்று அண்ணனிடம் இந்தியிலேயே கேட்டார்.

அண்ணன் தன் இட்லி இந்தியில் நேர்மையாகச் சொல்லிவிட்டான்: "அது அவன் சொல்ற தைரியம், அம்மா. பல்லி விழல, ஒண்ணும் ஆகாது, சத்தியம்னு."

எனக்கு முகம் சூடேறிவிட்டது. டாக்டரம்மா கோபிக்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தார். அந்தத் தைரியம்தான் இந்த நோய்க்குத் தீனி என்றார். ஒவ்வொரு சத்தியமும் கொஞ்ச நேரத்துக்குப் பசியை அடக்குகிறது, பிறகு பசி இரண்டு மடங்காக வருகிறது. வீட்டில் மூன்று பேர் வேளாவேளைக்குப் பரிமாறிக்கொண்டிருந்தால் அது எப்படிப் போகும்?

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். கெட்ட எண்ணம் எல்லோருக்கும்தான் வருகிறதாம். "நான் பிளாட்பாரத்தில் நிற்கும்போது, எனக்கு முன்னால் நிற்கிறவரைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று சில நாள் தோன்றும். வந்தது போல் போய்விடும். இதுவரை யாரையும் தள்ளியதில்லை."

மொழிபெயர்த்து முடித்தபோது அண்ணன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு வாரம் தினமும், டாக்டருக்கு ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைக்க வேண்டும் என்று அண்ணன் மனசார நினைக்க வேண்டும். அண்ணன் இதை விரதம் மாதிரி கடைப்பிடித்தான். காலையில் குளித்துவிட்டு, கிழக்கே பார்த்து நின்று நினைத்தான். மறுவாரம் போனதும் முதல் கேள்வியே அவனுடையதுதான்.

"எடம் கெடச்சுதாம்மா?"

"எங்கே? ஆறு நாளும் நின்றுகொண்டே வந்தேன். ஒருநாள் ஒரு அம்மாள் கூடையை என் காலிலேயே வைத்துவிட்டாள்."

அண்ணனுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "நல்லாத்தான் நெனச்சேன்..."

"நீங்கள் நல்லதை நினைத்து எனக்கு ஒரு பலகை இடம்கூடக் கிடைக்கவில்லை. கெட்டதை நினைத்தால் மட்டும் பல்லி வந்து மாவில் விழுந்துவிடுமா?"

அண்ணன் ஆறு நாளையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு, "அதுவும் சரிதான்," என்றான். பெரிய மாற்றம் ஒன்றும் அன்று நடந்துவிடவில்லை. சாயங்காலம் மறுபடி அண்டாவுக்குள் விளக்கைப் பிடித்தான். ஆனால் பிடித்துக்கொண்டே, "ஆறு நாளு நின்னுக்கிட்டே வந்திருக்காவ, பாவம்," என்றான்.

அடுத்த தடவை ஒரு இட்லி கொண்டுவரச் சொல்லியிருந்தார். வீட்டுக்கென்று மதினி அவித்த இட்லி. அதை ஒரு காகிதத்தின் மேல் வைத்து, மேஜையிலிருந்த சின்னக் கத்தியை எடுத்தார். "உங்களிடம் சாப்பிட்ட ஒருவருக்கு வயிற்றுவலி. என்னென்ன காரணம் இருக்கலாம்? சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வெட்டுகிறேன். பல்லியைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்."

தெருவில் பிழைக்கிறவனுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டுமா? முந்தின ராத்திரி தின்ற பழைய சோறு, குழாய்த் தண்ணி, தாதர் பேல்பூரி, காய்ச்சலுக்கு முந்தின குமட்டல், வெறும் வயிற்றில் குடித்த டீ, திருட்டுச் சாராயம், கழுவாத கை, பஸ் குலுக்கல், பெண்டாட்டியோடு சண்டை என்று அண்ணன் அடுக்கிக்கொண்டே போனான். டாக்டரம்மா வெட்டிக்கொண்டே போனார். கடைசியில் பல்லியின் முறை வந்தபோது காகிதத்தில் ஒரு பருக்கைதான் மிச்சம்.

"இத்தனை நாளும் முழு இட்லியையும் பல்லிக்கே கொடுத்திருந்தீர்கள்," என்றார்.

அண்ணனுக்கு அது புரிந்தது. ஆனால் வேறொன்று அவனை உறுத்தியது. "கத்தி வச்சா இட்லிய வெட்டுவாவ? சொல்லுல அவியகிட்ட. பிச்சுல திங்கணும்."

சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரு துண்டைக் கையில் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"இதில் பல்லி விழவில்லையே?"

அண்ணன் திகைத்துப்போனான். இத்தனை மாதமாக அவன்தான் கேட்கிறவன். முதல் தடவையாக அவனிடம் ஒருவர் கேட்கிறார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் அவிக்கலியே."

"அப்படியானால் விழுந்திருக்கலாமா?"

"விழுந்திருக்கலாம்..." அண்ணன் இட்லியைப் பார்த்தான். "விழாமலும் இருக்கலாம்."

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் தின்றார். நன்றாக மென்று விழுங்கிவிட்டு, சட்னி கொண்டுவரவில்லையா என்று கேட்டார்.

அந்த வாக்கியம்தான் மருந்து என்றார். உலகத்தில் இட்லி தின்கிற அத்தனை பேரும் அந்த ஒரு வாக்கியத்தோடுதான் தின்கிறார்கள். ரயிலேறுகிறவர்கள் அதோடுதான் ஏறுகிறார்கள். அண்ணன் மட்டும் பதினாறணாவுக்கும் உத்தரவாதம் கேட்கிறான். அப்படி ஒரு உத்தரவாதம் எந்தக் கடையிலும் கிடையாது.

பிறகு விதிகள். மாவை மூடும்போது ஒரு பார்வை, அதோடு சரி. பயம் வரும், வந்தால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மூடியைத் தொடக் கூடாது. முதலில் அந்த இட்லியை வீட்டில் தின்ன வேண்டும், பிறகு பாய் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும், கடைசியில்தான் கிங்ஸ் சர்க்கிள். எங்களுக்கும் ஒரு விதி இருந்தது. இனி யாரும் சத்தியம் செய்யக் கூடாது. அண்ணன் கேட்டால், "விழுந்திருக்கலாம், விழாமலும் இருக்கலாம்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

மதினிக்கு இது சம்மதமே இல்லை. "கட்டுன புருசன் தவிச்சுப்போயிக் கேக்கும்போது தெரியாதுன்னு சொல்லணுமாக்கும்? அந்த டாக்டரம்மாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா, கொழுந்தனாரே? மொதல்ல அத விசாரிங்க."

"விசாரிக்கல, மதினி."

"ஆயிருக்காது."

பாய்க்கு இதில் தயக்கமே இல்லை. தர்காவில் பலிக்காதது இதிலாவது பலிக்கட்டும் என்று உற்சாகமாக இறங்கிவிட்டார். முதல் நாளே அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தான்: "பாய், சாயங்காலம் நீங்க வந்திருந்தப்ப மூடி சரியா இருந்துச்சா?"

தையல் மெஷின் நின்றது. "தொறந்து கெடந்திருக்கலாம்வே! ஒரு பல்லி இல்ல, குடும்பத்தோட எறங்கியிருக்கலாம்! ஒமக்கு என்ன இப்ப?"

அண்ணன் விளக்கைத் தேட ஆரம்பித்தான். நான் ஓடிப்போய்ப் பாயிடம், "அவ்வளவு வேண்டாம் பாய், பாதி சொன்னாப் போதும்," என்று கெஞ்சினேன்.

கேள்வி கேட்கக் கூடாது என்றதும் அண்ணன் வேறு வழி கண்டுபிடித்தான். கேட்காமலேயே மதினியின் முகத்தைப் பார்ப்பான். அவள் முகம் சாதாரணமாக இருந்தால் பல்லி இல்லை என்று அர்த்தம். டாக்டரம்மா இதையும் பிடித்துவிட்டார். முகமும் சத்தியம்தான் என்றார். அதன்பிறகு மதினி மாவு ஊற்றும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். குழாயடிக்குப் போகும் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்று குடியிருப்பெல்லாம் சொல்லிவிட்டார்கள். சமாதானம் செய்துவைக்க இரண்டு பேர் வந்தேவிட்டார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம். பாய் டீ குடித்துக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மதினி அண்டாவை மூடிவிட்டாள். அண்ணன் சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறான், மூடியைத் தொட்டுவிடாமல் இருக்க. வேர்த்துக் கொட்டுகிறது.

"ஒரே ஒரு தடவ சொல்லிரு," என்றான். "விழலதானே?"

மதினி சுவரைப் பார்த்தபடி, அழுகிற குரலில், பாடம் ஒப்பித்தாள்: "விழுந்திருக்கலாம், விழாமலும் இருக்கலாம்."

கூரைக்குக் கீழே எங்கேயோ ஒரு பல்லி 'டிக் டிக் டிக்' என்று சொன்னது.

பல்லி சொன்னால் சொன்ன வார்த்தை பலிக்கும் என்று தரையில் விரலால் தட்டுவது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறியது. மதினி தட்டினாள். நான் படித்தவன், நானும் தட்டினேன். அண்ணன் தொடைக்கு அடியிலிருந்து கையை உருவித் தட்டினான். தட்டிய பிறகுதான் நாலு பேருக்கும் உறைத்தது.

பாய்தான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இப்ப எதுக்குவே அது சொல்லுச்சு? விழுந்ததுக்கா, விழாததுக்கா?"

அண்ணன் அவரைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. அவன் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது. "ரெண்டுக்கும் சேத்துத்தான் சொல்லுது, பாய்," என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுவும் அந்த டாக்டரம்மாகிட்ட போயிட்டு வந்திருக்கு போல." மதினி இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். அன்று மூடி திறக்கப்படவில்லை.

மறுநாள் காலையில் அந்த மாவில் அவித்த இட்லியை நாங்கள் தின்றோம். அண்ணனும் தின்றான். தின்றுவிட்டு, பயம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொன்னான். டாக்டரம்மாவிடம் அப்படியே சொல்ல வேண்டும் என்று, சிந்தாமல் கொள்ளாமல் சொன்னான்: "தாதர்ல ஏறுற கூட்டம் மாதிரி நெஞ்சுல ஏறுச்சுல. மூச்சு முட்டுச்சு. செத்தோம்னு நெனச்சேன். நான் எறங்காம அப்பிடியே நின்னேன். எந்த ஸ்டேஷன்ல எறங்குச்சின்னு தெரியல, பாத்தா வண்டி காலி."

இதை நான் ஒரு வரி கூட்டாமல் மொழிபெயர்த்தேன். டாக்டரம்மா, இனிமேல் மற்ற நோயாளிகளுக்கும் இதையே சொல்லப்போகிறேன் என்றார்.

எல்லாம் ஏறுமுகமாகவே போனது என்று எழுதினால் அது பொய். பாய் பட்டறைக்கு இட்லி கொடுத்த முதல் நாள், அண்ணன் வாசலிலேயே நின்று அங்கே வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஏப்பம் விடும்வரை காத்திருந்தான். ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது அண்டா காலி. மதினி மூலையில் உட்கார்ந்திருந்தாள். மறுபடி சாக்கடை தின்றிருந்தது. தீபாவளி நெருங்கிவிட்ட நேரம். ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கமாக இருக்கிறது என்றான் அண்ணன். இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். "சைக்கிள் கற்றுக்கொண்டபோது விழுந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

"விழாம எப்பிடி?"

"விழுந்ததும் என்ன செய்தீர்கள்?"

"எந்திரிச்சு, யாரும் பாத்தாவளான்னு பாத்துட்டு, மறுபடி ஏறுனேன்."

"நான் பார்த்துவிட்டேன். ஏறுங்கள்."

அவன் ஏறினான். தீபாவளிக்கு இன்னும் சில நாட்களே இருந்தபோது, ஒருநாள் விடிகாலையில் அலுமினியப் பெட்டியைச் சைக்கிளில் கட்டினான். மதினி வாசல்வரை வந்தாள். எப்போதும் "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்பவள், அன்று ஒன்றும் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எது உத்தரவாதம், எது இல்லை என்று அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. நான் ஆபீஸ் உடுப்போடு அவன் பின்னாலேயே நடந்தும் ஓடியும் போனேன்.

மரத்தடியில் எண்ணெய் டின் கவிழ்ந்தபடி இருந்தது. கொஞ்சம் தள்ளி ஜூஸ் வண்டி. வடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எண்ணெயில் வடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, டின்னைத் தூக்கி ஜூஸ் வண்டிக்காரனுக்குத் தெரியும்படி ஓரமாக வைத்தார். "வந்துட்டான் பார், ஜாகாவோட முதலாளி!" என்று இந்தியில் ஊருக்கே கேட்கக் கத்தினார். ஜூஸ் வண்டி முனகிக்கொண்டே நகர்ந்தது.

முதலில் வந்து நின்றவர் செம்பூர்க்காரர். அதே ஆள். வாந்தியெடுத்தவர்.

"என்னய்யா, எங்க ஓடிப்போயிட்டே? இந்தப் பக்கத்துல மனுஷன் திங்கற இட்லி கிடைக்கலை. சரி, இன்னிக்கு இட்லி எப்படி? சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாதே?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். அண்ணனுடைய கை பெட்டியின் மூடி மேல் நின்றுவிட்டது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் திரும்பிக்கொண்டேன். வந்துகொண்டிருந்த பஸ்ஸின் நம்பரை உற்றுப் படித்தேன். இந்த வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக எதையும் படித்ததில்லை.

எனக்குப் பின்னால் அண்ணன் குரல் கேட்டது. "ஒண்ணும் பண்ணாதுன்னுதான் நெனக்கேன், சார். பண்ணவும் செய்யலாம். எத்தன வைக்கட்டும்?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்படி உண்மை பேசற இட்லிக்காரனை நான் பம்பாயிலயே பார்த்ததில்லைப்பா! நாலு வை. சட்னி ஜாஸ்தி."

அலுமினிய மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஆவி வாசனை வந்தது. மூடிய சத்தமும் கேட்டது. மறுபடி திறந்து பார்க்கவில்லை. ஆள்மேல் ஆள் வந்து நின்றார்கள்.

அந்த எண்ணம் அவனை விட்டுப் போய்விடவில்லை. இன்றைக்கும் வருகிறது. வந்தால், "ஏறிக்கோ, ஏறிக்கோ, குர்லாவுல எறங்கிரு," என்று அண்ணன் முணுமுணுப்பான். மாவு அரிசியும் உளுந்துமாகப் பொங்கிக்கொண்டிருக்கும், மூடி மூடியபடியே இருக்கும்.

அன்று எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் காலை எடுத்துவைக்க முடியவில்லை. அவன் நெற்றியில் வேர்வை இருக்கிறதா, கை நடுங்குகிறதா, வாங்கித் தின்கிறவர்களைப் பயந்து பார்க்கிறானா என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் கிட்டே போய்க் கேட்டேன்.

"அண்ணே, நீ நல்லா இருக்கேல்லா?"

அவன் கரண்டியைச் சட்னிக்குள் விட்டபடி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போலே, போயி பஸ்ஸப் புடி."